அறுபதாம் எண் அலைவரிசை

முதலாவது, 1977. ஆவடி ரேடியோ கம்பெனியில் ஓராண்டுப் பயிற்சி என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்றாண்டுகள் பயிற்சியாளனாகவே வைத்திருந்தார்கள். இரண்டாவது, 1981. பெண்கள் கழிப்பறைக்குப் போக ஒரு லைனுக்கு ஒரு பித்தளை வில்லை. அது ஆணியில் திரும்பத் தொங்கினால்தான் அடுத்தவர் எழுந்திருக்கலாம். மூன்றாவது, 1984. பிரஸ் மிஷினில் ஏகாம்பரத்தின் வலது கை விரல் இரண்டு போயிற்று. ‘சொந்தக் கவனக்குறைவு’ என்று அவனையே இடது கையால் எழுதவைத்தார்கள். நான்காவது, 1988. சங்கம் பதிவான பதினோராம் நாள் பதினெட்டுப் பேரை ஓசூருக்குத் தூக்கி அடித்தார்கள். ஐந்தாவது, 1989 அக்டோபர். சோதனை மேசையிலிருந்த சிக்னல் ஜெனரேட்டரை நான் உடைத்துவிட்டதாகக் குற்றச்சாட்டு. ஆறாவது, அதே ஆண்டு டிசம்பர், உள்விசாரணை, நாற்பத்தொரு சாட்சிகள், என் வேலை போயிற்று. ஏழாவது. ஏழாவதை எப்போதும் தாண்டித்தான் சொல்வேன். எட்டாவது, பதினோரு வருடம் வழக்கு நடந்து எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தபோது கம்பெனியே இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நின்றது. ஒன்பதாவது, 2013, சங்கத்தின் வெள்ளிவிழா மலர், நூற்றுப் பன்னிரண்டு பக்கம், எங்கேயும் அன்றைய செயலாளன் ‘தணிகாசலம்’ என்ற என் பெயர் இல்லை. கம்பெனி வாயிற்கூட்டங்களில் தாள் பார்க்காமல் சொல்லிப் பழகி, பிறகும் நீண்டுகொண்டே போன அநியாயப் பட்டியல் இது. இப்போது கூட்டமும் இல்லை வாயிலும் இல்லை, சால்ட்ரிங் அயன் சூடேறுகிற நான்கு நிமிடத்தில் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன், ஒன்பதாவது முடியும்போது நுனி ஈயத்தை உருக்கத் தயாராக இருக்கும். இன்று ஆறாவதிலேயே மாட்டிக்கொண்டது. காரணம், அந்த ஆறாவதின் ஒரு பகுதி என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் காகிதத்தை விரித்து, வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருக்கிறது.

நாற்பத்தொரு சாட்சிகளில் இருபத்துமூன்றாவது சாட்சி. காயில் சுற்றும் பிரிவு, டோக்கன் எண் நானூற்றுப் பன்னிரண்டு. பெயர் எனக்குத் தெரியும். தெரிந்தும் இந்த ஒரு வாரத்தில் ஒரு தடவைகூட வாயால் சொல்லவில்லை, ‘இங்க பாருங்க’, ‘ஏங்க’, ‘அம்மா’ என்று சுற்றிக்கொண்டே போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, கொரட்டூரில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் என் ரிப்பேர் கடைக்கு, துண்டில் சுற்றிய ஒரு பெட்டியோடு வந்து நின்றார். நரைத்த தலை, ஆண்பிள்ளைச் சட்டை புடவைக்கு மேல், மூக்கில் வெயிலில் பழுத்த கறுப்பு. “நீங்கதானே செயலாளர்?” என்றார். முப்பத்துநான்கு வருடமாயிற்று ஒருவர் என்னை அப்படிக் கூப்பிட்டு. துண்டைப் பிரித்தால் மாதிரி விமானம் ஓட்டுகிற டிரான்ஸ்மிட்டர், இரண்டு கட்டைவிரலுக்கு இரண்டு குச்சி, நடுவில் இழுத்தால் நீளும் ஏரியல், முன்பக்கம் முழுக்கக் கை பட்டு வழவழத்துப் போயிருந்தது. கீழே இருக்கிறவர் குச்சியை அசைத்தால் மேலே பறக்கிற விமானத்தின் வால் அசையும், இறக்கைத் துடுப்பு அசையும், அவ்வளவுதான் விஷயம். கிட்டத்தில் நன்றாக வேலை செய்கிறதாம், விமானம் தூரம் போனதும் வால் தானாக உதறுகிறதாம். ஆறடி இறக்கை, அவரே பால்சா மரத்தில் அறுத்து ஒட்டியது. வேலையை விட்டு அனுப்பிய பிறகு பாரிமுனைப் பக்கம் மாதிரி விமானச் சாமான் விற்கும் கடையில் மரம் அறுக்கச் சேர்ந்து, முப்பத்தெட்டாவது வயதில் தானே ஓட்டக் கற்றுக்கொண்டாராம், பின்னால் அந்தக் கடையையே எடுத்து நடத்தினாராம். நான் ‘வேலையை விட்டு அனுப்பிய பிறகு’ என்கிறேன், எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன், அதற்குக் காரணம் யார் என்று சொல்லவில்லை. இருக்கட்டும், வருகிறேன். அவருடைய மாதிரி விமான மன்றத்தில் எல்லோரும் புது வகை செட்டுக்கு மாறிவிட்டார்கள். பழைய அலைவரிசை செட் இனிமேல் ஆபத்து, இந்த ஞாயிறு மூன்று மணிக்குக் குழுவின் முன் தூரச் சோதனையில் தேறினால் ஓட்டலாம், தேறாவிட்டால் அதை மைதானத்துக்கே கொண்டுவரக்கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். “புதுசு வாங்கத் தெரியாதா எனக்கு? கடையே வச்சிருந்தவ நான். வாங்குவேன். ஆனா தோத்துப்போயி வாங்க மாட்டேன்” என்றார். அவருடைய வலது கை விரல்கள் மூட்டு வீங்கி வளைந்திருக்கின்றன, அந்த வளைவுக்கு ஏற்றபடி குச்சியின் ஸ்பிரிங்கை அவரே இருபது வருடமாகத் தளர்த்தித் தளர்த்தி வைத்திருக்கிறார். இன்று ஞாயிறு. மணி பதினொன்று. ஒரு வாரமாக வைத்துக்கொண்டு நான் பழுதைக் கண்டுபிடிக்கவில்லை.

பேட்டரி சரி. எட்டு செல்லையும் தனித்தனியாக விளக்கு எரியவிட்டுச் சோதித்தேன், ஒன்றும் துவளவில்லை. அலைவரிசையை நிர்ணயிக்கிற கிரிஸ்டல், அறுபதாம் எண், அவர் கொண்டுவந்த மாற்றுக் கிரிஸ்டலைப் போட்டாலும் அதே கதை. குச்சிக்கு அடியில் இருக்கும் கட்டுப்பாட்டுச் சுழலிகளைக் கழுவினேன். சுவிட்சைக் கழுவினேன். என் கைவசம் நானே செய்த அளவி ஒன்று இருக்கிறது, ஒரு டயோடு, ஒரு சின்ன மீட்டர், ஒரு முழம் கம்பி, டிரான்ஸ்மிட்டரை எதிரில் வைத்தால் எவ்வளவு வலுவாக அலை வெளியே போகிறது என்று முள் காட்டும். எட்டு காட்ட வேண்டிய முள் மூன்றில் நிற்கிறது, சில சமயம் ஐந்துக்குத் துள்ளுகிறது, திரும்ப மூன்று. முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வருகிறது, கேன்டீனுக்குப் பக்கத்து அறை, பச்சை விரிப்புப் போட்ட மேசை, விசாரணை அதிகாரி என்று ஒரு வக்கீல், அவருக்குப் பின்னால் சுவரோரமாகப் பணியாளர் மேலாளர் சும்மா நின்றுகொண்டிருப்பார், ஒன்றும் பேசமாட்டார், நிற்பார், அவ்வளவுதான். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இவர் கருவியை உடைத்ததைப் பார்த்தாயா? பார்த்தேன். கையெழுத்து. அடுத்தவர். பார்த்தேன். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், பார்த்தேன். விரல் போன ஏகாம்பரம், இடது கையால், பார்த்தேன். அவனைக் கோபித்துக்கொண்டேன் முப்பது வருடம், செத்த வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பதினைந்து பேர், இருபது பேர், எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா, அந்த வாக்கியத்துக்குக் கை கால் முளைத்து அது அறைக்குள் நடமாடத் தொடங்கிவிடும். இருபத்திரண்டாவது ஆள் சொல்லி முடித்தபோது, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் கையை நானே பார்த்தேன். இந்தக் கையா? கோபத்தில் ஒரு வேளை? எனக்குத்தான் நினைவில்லையோ? ஐந்து தத்துவ நூல், நூறு துண்டுப்பிரசுரம் படித்தவன், மாவட்டக் கமிட்டியில் பேசியவன், ஒரு நிமிடம், என்னைப் பற்றி அவர்கள் சொன்னதை நான் நம்பினேன். அப்போதுதான் நானூற்றுப் பன்னிரண்டைக் கூப்பிட்டார்கள். வந்தார். கையில் காயில் கம்பியின் சிவப்பு எனாமல் ஒட்டியிருந்தது. “பாக்கல சார்” என்றார். வக்கீல் தாளைப் புரட்டி, “யோசிச்சுச் சொல்லும்மா” என்றார். “இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? அது செவ்வாய்க்கிழமையே டிராலிலேர்ந்து விழுந்து ஒடஞ்சிடுச்சு. இவரு வியாழக்கிழமைதான் அந்தப் பக்கம் வந்தாரு.” என் கை திரும்ப என் கை ஆயிற்று.

“என்ன செயலாளரே, மீட்டரப் பாத்துத் தியானமா?” வேர்க்கடலைத் தோலை ஊதினார், என் போர்டு மேல் விழுந்தது. “ஊதாதீங்க, உள்ள போயிடும்” என்றேன். “போனா போகட்டும், ஒரு வாரமா ஒண்ணும் புடுங்கல, கடலத் தோலாவது எதாவது பண்ணுதான்னு பாப்போம்.” இதே வாய்தான் அன்றும். சங்கச் சந்தாப் புத்தகத்தை நீட்டியபோது லைனே பார்த்துக்கொண்டிருக்க என்னிடம் சொன்னார், நீங்க மைக்குல கத்துற நேரத்துல எனக்குச் சுத்து எண்ணிக்கை தப்பிப்போவுது, அதுக்கு நீங்கதான் எனக்குச் சந்தா தரணும். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அதனால் அவர் மேல் எனக்கு ஒரு கணக்கு இருந்தது, மஞ்சள் ஆள், அதாவது முதலாளியின் ஆள், என்று பெயர் வைத்திருந்தேன். என் ஆட்கள் நாற்பது பேர் விழுந்தார்கள், இவர் ஒருத்தர் நின்றார், இதை எந்தப் பிரசுரத்தில் படித்த எந்த வாக்கியத்துக்குள் வைப்பது? இனி ஏழாவது. 1990 ஜனவரி. ‘அடக்குமுறைக்கு அஞ்சாத பதினெட்டு வீரர்கள்’, நான்கு பக்கப் பிரசுரம், எழுதியது நான், மெய்ப்புப் பார்த்தது நான். ஓசூருக்குப் போன பதினெட்டுப் பேர் பெயரும் தடித்த எழுத்தில், தகப்பன் பெயரோடு, ஊரோடு. விசாரணையைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. உறுப்பினர் இல்லாதவர். சந்தா தராதவர். சங்கத்தைக் கிண்டல் செய்தவர். அவர் பெயரை எழுதினால் நாற்பது உறுப்பினர் பொய் சொன்னதும் சேர்ந்து தெரியும். ‘மனச்சாட்சியுள்ள சில தொழிலாளர்கள் உண்மையின் பக்கம் நின்றனர்’ என்று எழுதினேன். சில. ஒருவரை மறைக்க ஒரு பன்மை. அந்த மாதமே உற்பத்தி குறைவு என்று அவரை வெளியே அனுப்பினார்கள், கேட்பதற்கு அவருக்குச் சங்கம் இல்லை, இருந்த சங்கத்தின் செயலாளர் வேறொரு பிரசுரம் எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளிவிழா மலரில் என் பெயரைக் காணோம் என்று பத்து வருடமாகக் குமுறுகிறவன் நான்.

சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன். “அன்னிக்கு அந்த ரூம்ல நீங்க...” “அயன் பொகையுது பாருங்க” என்றார். பொகையத்தான் செய்தது, பலகையில் கறுப்பு வட்டம். தாங்கியில் எடுத்து வைத்தேன். “இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா, எனக்காக நீங்க...” “உங்களுக்காக யாரு சொன்னா?” நிஜமாகவே ஆச்சரியப்பட்டார், கடலைக் கை பாதியில் நின்றது. “உங்கள எனக்குப் புடிக்கவே புடிக்காதே. பாக்காதத பாத்தேன்னு எப்பிடிங்க சொல்றது? அப்புறம் வீட்டுக்குப் போயி சோறு எறங்குமா?” சுருக்கென்று குத்தியது. முப்பத்துநான்கு வருடம் எனக்காக ஒருத்தர் நின்றார் என்று உள்ளுக்குள் ஒரு கொடி நட்டு வைத்திருந்தேன், அதை அவர் ஒரு கடலைத் தோலைப்போல ஊதிவிட்டார். பிறகு, எப்படி என்று தெரியவில்லை, கோபம் வர வேண்டிய வழியில் வேறொன்று வந்தது. எனக்காகச் சொல்லியிருந்தால் அது தயவு. என்னைப் பிடித்திருந்தால் அது பிரியம். பிடிக்காத ஒருவனைப் பற்றியும் நடந்ததை நடந்தபடி சொல்ல ஒரு ஆள் அந்தக் கட்டடத்தில் இருந்தார், அதே கேன்டீன் சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டு, அதே பித்தளை வில்லைக்குக் காத்துக்கொண்டு. ஒரே ஒரு ஆள் போதுமாக இருந்திருக்கிறது, நான் பைத்தியம் பிடிக்காமல் இந்த மேசை வரை வந்து சேர. நன்றி என்ற சொல்லை நான் அதிகம் உபயோகித்ததில்லை, எங்கள் பிரசுரங்களில் அது கடைசி வரி, ‘இவண்’ என்பதற்கு மேலே அச்சாகிற வெறும் சடங்கு. இன்று அது நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது.

கலங்கிய கையோடு வேலை பார்க்கக்கூடாது. பார்த்தேன். எங்கள் டியூனிங் பிரிவுக்காரர்களுக்கென்றே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காயிலுக்குள் திருகுபோல ஒரு கோர் இருக்கும், அதைத் திருப்பினால் அலையின் வலு ஏறும் இறங்கும், ஒரு தடவை சரியாக வைத்து மெழுகு ஊற்றி மூடிவிட்டால் பிறகு தொடவே கூடாது, மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் தொட வேண்டும். ஆனால் எந்தப் பழுதானாலும் எங்கள் விரல் முதலில் அங்கேதான் போகும். வேலைக்காரன் தன் வித்தையைக் காட்ட இடம் அதுதான். மெழுகைச் சுரண்டினேன். அதற்கென்று பிளாஸ்டிக் திருப்பி வேண்டும், என்னுடையது எப்போதோ தொலைந்துவிட்டது, கைக்குக் கிடைத்த சின்ன இரும்பு ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருப்பினேன். முள் மூன்று, நாலு, ஐந்து, ஐந்தரை! ஐந்தரையில் நிறுத்தினேன், பெருமையாக இருந்தது. டிரைவரை வெளியே எடுத்தேன். முள் ஒன்றுக்கு விழுந்தது. திரும்ப விட்டேன், ஐந்தரை. எடுத்தேன், ஒன்று. நாலாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன், முதலில் எங்கே இருந்தது என்ற அடையாளமும் போயிற்று. வந்ததைவிட மோசமாகச் செய்துவிட்டேன். மணி பன்னிரண்டேகால். எதிரில் கடலை உடைகிற சத்தம். அவருக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டுவிடலாம், பழைய செட், போர்டு செத்துப்போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லா ரிப்பேர்காரனும் சொல்கிற வார்த்தை, சாமானத்தின் மேல் பழியைப் போடுகிற வார்த்தை. சொந்தக் கவனக்குறைவு என்று எழுதவைத்தவர்களை நாற்பது வருடமாகத் திட்டுகிறேன், அந்த வாசகத்தை எனக்கு நானே ஒரு தடவைகூட எழுதிக்கொண்டதில்லை. போர்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஒளிந்துகொண்டேன். ஒளிந்துகொண்ட இடத்தில் அது கண்ணில் பட்டது. ஏரியலின் அடிக்கட்டைக்கு வருகிற கம்பி, ஈயத்துக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தது, நகத்தால் தொட்டால் ஆடியது. ஈயத்தைச் சுற்றி முடிபோல ஒரு வட்ட வெடிப்பு. கம்பியும் ஏரியலும் தொட்டும் தொடாமலும், இருபது வருடம் விமானம் இறங்கும்போதெல்லாம் அவர் பெட்டியை நெஞ்சில் அணைத்துக் குதித்ததில் விட்டுப்போன பற்று. ஒரு வாரமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, கம்பியைச் சுரண்டி, புதிதாக வைத்தேன், பளபளவென்று உட்கார்ந்தது. முள்ளைப் பார்த்தேன். இரண்டு. நான் கெடுத்தது அப்படியே இருந்தது.

“நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்” என்றேன். அவர் நிமிர்ந்தார். “என்ன?” “பழுது ஏரியல் அடியில. அதக் கண்டுபுடிச்சு வச்சுட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி கோரத் திருப்பிட்டேன். இரும்பு டிரைவர விட்டு. தேவையே இல்லாம. இப்ப முன்னவிட மோசமா இருக்கு.” எழுந்து வந்து மேசைமேல் குனிந்தார், கடலை வாசனை. திட்டுவார் என்று நின்றேன். “தேதி போட்டு எழுதிக்கவா? செயலாளர் தன் தப்ப ஒத்துக்கிட்ட நாளு” என்றார். பிறகு காயிலைப் பார்த்தார், சுற்றின் ஒழுங்கைக் கண்ணால் எண்ணுகிறவர்போல, அவர் பழகிய சாமான் அல்லவா அது, ஒரு நாளைக்கு எண்ணூறு சுற்றியவர். “இரும்ப உள்ள விட்டா காயிலு பொய் சொல்லும், தெரியாதா உங்களுக்கு? பக்கத்துல அது நிக்கிற வரைக்கும் அது கேக்குற நம்பரச் சொல்லும். எடுத்தாத்தான் நெசம் வரும்.” சுவரோரமாகச் சும்மா நின்றுகொண்டிருந்த ஒருவரை நான் நினைத்தேன். ஏகாம்பரத்தின் இடது கையை நினைத்தேன். அவன் மேல் இருந்த கோபம் எங்கேயோ ஒரு பற்று விட்டதுபோல ஆடியது. அதற்குள் எதிரில் நின்றவர் தன் பையைத் துழாவி பிளாஸ்டிக் சீப்பு ஒன்றை எடுத்தார், கடைசிப் பல்லை முறித்தார், என் அரத்தில் நாலு இழுப்பு இழுத்து நுனியைத் தட்டையாக்கினார், பின்மூடியை மூடச் சொன்னார், ஏரியலை முழுக்க இழுக்கச் சொன்னார். “மூடிய மூடாம டியூன் பண்ணா மூடினதும் மாறிடும். இதையும் நான்தான் சொல்லணுமா?” மூடியிலிருந்த சின்னத் துளை வழியாகச் சீப்புப் பல்லை விட்டேன். கால் சுற்று. மூன்று. இன்னும் கால். ஐந்து. மூச்சை விடாமல் மயிரிழை. ஏழு. எட்டு. பல்லை வெளியே எடுத்தேன். எட்டு. கையைத் தள்ளி வைத்தேன். எட்டு. “மெழுகு இருக்கா?” என்றார். மெழுகுவத்தியைப் பற்றவைத்து அந்தத் துளை வழியாகவே ஒரு சொட்டு விட்டேன். அதை ஊதி ஆற்றியது அவர். மூட்டு வீங்கிய அந்த விரல்களை அவ்வளவு பக்கத்தில் அப்போதுதான் பார்த்தேன்.

அவருடைய ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, டிரான்ஸ்மிட்டரை மடியில் குழந்தைபோலப் பிடித்துக்கொண்டு திருநின்றவூர் தாண்டிப் போனேன். இறக்கை இரண்டு துண்டு, உடல் தனி என்று பிரித்த விமானம் காலடியில். இந்த வயதில் ஒரு பெண் ஓட்டுகிற வண்டியில் பின்னால் போவதை ஆவடிக்காரர்கள் யாராவது பார்த்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றி, பார்க்கட்டும் என்று தோன்றியது. ஒவ்வொரு பள்ளத்திலும் என் புது ஈயத்தை நினைத்தேன். முள்ளுச்செடி வெட்டிய தரிசு, கூரைக் கொட்டகை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முப்பது பேர், கையில் எல்லோருக்கும் மினுமினுக்கும் புது செட். மன்றச் செயலர் ஜெயசிங், தொப்பி போட்ட நல்ல மனுஷர், பல் டாக்டர் ஒருவர், வங்கியில் இருக்கிற ஒருவர், இவர்கள்தான் குழு. மூன்று பேர் மேசைக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்ததும் என்னை அறியாமல் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தேன், பழைய பழக்கம். தூரச் சோதனை என்றால், ஏரியலை மடக்கி வைத்துக்கொண்டு ஒருவர் விமானத்தை விட்டு நாற்பது தப்படி நடக்க வேண்டும், நடந்துகொண்டே குச்சியை அசைக்க வேண்டும், அங்கே வால் உதறாமல் அசைய வேண்டும். விமானத்தைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், நான் மண்டியிட்டுப் பிடித்தேன். அவர் முதுகைக் காட்டி நடந்தார். பத்து. வால் இடது, வலது. இருபது. கை மரத்தது, பால்சா மரம் இவ்வளவு லேசா, உள்ளே ஒரு பறவை இருப்பதுபோல மோட்டாரின் நடுக்கம். முப்பது. ஜெயசிங் வால் பக்கம் குனிந்துகொண்டார். முப்பத்தாறில் நடந்துகொண்டிருந்தவர் ஒரு கல்லில் இடறினார், வால் ஒரு தடவை வெட்டியது, என் உயிர் போயிற்று, இல்லை, அது அவர் கை, ஈயமில்லை. நாற்பது. நாற்பத்தைந்து. அவர் நிற்கவில்லை. “போதும்மா, போதும், தேறிடுச்சு!” என்று ஜெயசிங் கத்தினார். அறுபது தப்படியில் திரும்பி நின்று, குச்சியை முழுக்கச் சாய்த்தார். அவ்வளவு தூரத்தில் சின்னதாகத் தெரிந்தார். என் கைக்குள் வால் அமைதியாக, முழுக்கச் சாய்ந்தது. எனக்குக் கண் நிறைந்தது, தரிசுப் புழுதி என்று துடைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் பலகையைப் பார்த்தேன். கொட்டகைத் தூணில் எண் எழுதிய மரப்பலகை, ஒவ்வொரு எண்ணுக்கும் துணிக்குப் போடுகிற கிளிப் ஒன்று. “பழைய செட்டுக்கு மட்டும் உள்ள சட்டம் இது ஐயா” என்று ஜெயசிங் விளக்கினார். ஒரே எண்ணில் இரண்டு பேர் செட்டைப் போட்டால் விமானம் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் பறக்கவிடும் முன் எண்ணையும் பெயரையும் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும், அந்த எண் இப்போது இந்த ஆளுடையது என்று அத்தனை பேரும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் தன் பெயரைத் தானே படிக்கக்கூடாது. செட்டைச் சரிபார்த்தவர் படித்தால், அது சரியாக இருக்கிறது என்று அவர் பொறுப்பேற்றதாக அர்த்தம். ஓர் அட்டையை என்னிடம் கொடுத்தார். “நீங்கதானே சரிபண்ணினது?” முப்பது பேர் திரும்பினார்கள். மூன்று பேர் மேசைக்குப் பின்னால். எத்தனை ஆயிரம் பேர் முன்னால் பெயர் படித்திருக்கிறேன், பதினெட்டுப் பெயரை ஒரே மூச்சில், தகப்பன் பெயரோடு, ஊரோடு. அட்டையில் இரண்டே வரி. மனசுக்குள் ஒரு முழுப் பிரசுரம் அச்சேறிக்கொண்டிருந்தது, 1989 டிசம்பர், கேன்டீனுக்குப் பக்கத்து அறை, இருபத்துமூன்றாவதாகக் கூப்பிடப்பட்டு, தோழர்களே, இந்த அம்மையார் ஒருவரே, ஒருவரே என்பதை அடிக்கோடிட்டு. வாயைத் திறந்தேன். விமானத்தைப் பொருத்திக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார், “பேச்சு வேணாம் செயலாளரே, காத்து நல்லாருக்கு, பேர மட்டும் படிங்க.” சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கண்ணாடியைப் போட்டேன். படித்தேன். பின்னால் நின்ற வங்கிக்காரர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, “காத்துல கேக்கலீங்க, இன்னொரு தடவ” என்றார். கேட்க வைக்கிறேன் ஐயா. அதற்குத்தான் தொண்டை. கால்களை அகற்றி, வாயிற்கூட்டத்தில் நிற்பதுபோல நின்று, கடைசியில் இருக்கிறவனுக்கும் கேட்கும்படி, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன்: “அலைவரிசை அறுபது. தா. மரகதவல்லி.”